மலைக்கு முந்திய தண்டவாளம்

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், சிமெண்ட் அட்டை வேய்ந்த ஓர் அறை இருக்கிறது. நீளம் 18 அடி, அகலம் 11 அடி. பித்தளை அண்டாக்களும் கால் உடைந்த நாற்காலிகளும் கொலுப்படிகளும் கிடந்த அந்த அறையை நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒழித்து, லோக்கூருக்கும் டேனிஷ்பேட்டைக்கும் இடையே சேர்வராயன் மலையடிவாரத்தில் வளைந்து செல்லும் ரயில்பாதையைச் சிறு மாதிரியாக மேசைமீது கட்டத் தொடங்கினேன். சென்னையிலிருந்து திரும்பும் வண்டி பொம்மிடியைத் தாண்டியதும் சன்னலோரம் ஒட்டிக்கொண்டு, வளைவில் எஞ்சின் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பது சிறு வயதுப் பழக்கம். ஐம்பதைக் கடந்தும் விடவில்லை. எஞ்சின் தெரியும் அந்தச் சில நொடிகளை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதற்கு மேல் அப்போது என்னிடம் வேறு திட்டம் இல்லை.

நான் எடுத்துக்கொண்டது எச்.ஓ. அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு. உலகில் அதிகமாகப் புழங்கும் அளவு அது என்பதால் தண்டவாளமும் சக்கரமும் எளிதில் கிடைக்கும் என்பதே காரணம். இந்த அளவில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மி.மீ. பாதைக்கு ஏற்பட்ட கணக்கு. நம் ஊர் அகலப்பாதை 1,676 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 19.3 வரும். ஆகவே என் மேசையில் ஓடும் வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டியதைவிட மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காலைக் குறுக்கி நிற்கின்றன. இதைச் சரிசெய்ய வேண்டுமானால் ஒவ்வொரு சக்கர அச்சையும் ஒவ்வொரு தண்டவாளத்தையும் கையாலேயே செய்தாக வேண்டும். எனக்கு அவ்வளவு ஆயுள் இல்லை என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

மலைதான் பெரிய தொல்லை. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. இடையே உள்ள 1,200 மீட்டரை 87ஆல் வகுத்தால் 14 மீட்டர் வருகிறது. நான்கு மாடி வீட்டின் உயரம். அறையின் கூரையோ ஒன்பது அடிதான். நீளத்திலும் அதே கதை: நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் என் அளவில் பதினொன்றரை மீட்டர், 24 பெட்டி கொண்ட ஒரு விரைவு வண்டியை அப்படியே செய்தால் எஞ்சினைச் சேர்க்காமலே ஏறத்தாழ ஆறு மீட்டர் வரும், அறைக்குள் அடங்காது. ஏழு பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன். ஈரோடு பணிமனை டபிள்யூ.ஏ.பி.-4 மின்சார எஞ்சின் ஒன்று, பின்னால் ஏழு நீலப் பெட்டிகள். மொத்தம் ஏறத்தாழ இரண்டு மீட்டர்.

இங்கேதான் இந்த வேலையின் முரண் தொடங்குகிறது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெட்ராஸ் ரயில்வே பொறியாளர்கள் இந்தப் பக்கம் பாதை போட வந்தபோது மலை முன்பே நின்றது. அவர்கள் ஓடையைப் பார்த்தார்கள், பாறையைப் பார்த்தார்கள், எங்கே வெட்டுவது, எங்கே மண் கொட்டி உயர்த்துவது என்று கணக்கிட்டு, மலை விட்ட வழியில் பாதையை வளைத்தார்கள். என் அறையில் எல்லாம் தலைகீழ். வண்டி சுற்றி வர ஒரு வளையம் வேண்டும், வளைவு இவ்வளவுக்குக் குறையக் கூடாது, கை எட்ட வேண்டும் என்ற மூன்று கட்டாயங்களே பாதையைத் தீர்மானிக்கின்றன. மலை பிறகு வருகிறது. பின்னால் வந்த மலை முன்னாலேயே இருந்ததைப் போலவும், அதற்குப் பணிந்துதான் பாதை வளைந்தது போலவும் பார்ப்பவரை நம்பவைக்க வேண்டும். நிலக்காட்சி அமைப்பது என்றால் பச்சைத் தூள் தூவி நான்கு மரம் நடுவது என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அப்படி அமைத்த என் முதல் மலை, சாப்பாட்டுத் தட்டில் கவிழ்த்த சோற்றுக் கட்டியைப் போல வளையத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. எந்த வளைவுக்கும் அது காரணம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை உடைத்து மூட்டை கட்டினேன்.

வளைவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவுக்கு ஆரம் 175 மீட்டர். என் அளவில் அதுவே இரண்டு மீட்டர். கடைகளில் பெட்டியோடு கிடைக்கும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் பெரும்பாலும் 18 அங்குலம், அதாவது 46 செ.மீ. கூட இல்லை. அதில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை வகைப் பெட்டியை விட்டால் ஓடும், ஆனால் பெட்டிகளின் மூலைகள் ஒன்றையொன்று விட்டு விலகி, மாட்டுவண்டி சந்து திரும்புவது போல இருக்கும். ஓட்டத்துக்கும் கண்ணுக்கும் ஒத்துவர வேண்டுமானால் மிக நீளமான பெட்டியைப் போல் மூன்று மடங்காவது ஆரம் வேண்டும் என்பது இந்தத் துறையில் கைக்கணக்கு. என் பெட்டி 24.5 செ.மீ.; ஆகவே 76 செ.மீ. ஆரம் வைத்தேன். அரைவட்டம் திரும்ப ஐந்தடிக்கு மேல் அகலம் போய்விட்டது. நடுவில் ஒரு பொந்து விட்டு, மேசைக்கடியில் தவழ்ந்து போய் எழுந்து நின்று வேலை செய்கிறேன். என் முழங்கால் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

தண்டவாளம் போட்டது ஒரு மார்கழி மாதம். வளைத்துக்கொள்ளக்கூடிய தண்டவாளத் துண்டுகள் 91.4 செ.மீ. நீளத்தில் வருகின்றன. மரச்சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகை, அதன் மேல் சத்தத்தை உறிஞ்ச மெல்லிய கார்க் பட்டை, அதன் மேல் தண்டவாளம். மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே எஞ்சினுக்குப் போக வேண்டும் என்பதால் இணைப்புகளைப் பற்றவைத்துவிடுவது நல்லது. எனக்குப் பற்றவைப்புக்கோலைப் பிடிக்கவே தெரியாது. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு மாலை வந்து சொல்லிக் கொடுத்தார். வெங்காரமும் ஊதுகுழலுமாக வேலை செய்பவருக்கு என் மின்சாரக் கோல் விளையாட்டுச் சாமானாகத் தெரிந்திருக்க வேண்டும். "சூட்டை ஈயத்துக்குக் காட்டாதீங்கண்ணா, கம்பிக்குக் காட்டுங்க, கம்பி சூடாச்சுன்னா ஈயம் தானா ஓடி வந்து உக்காந்துக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் வேலை பாதி குறைந்தது. தண்டவாள உலோகத்தின் பெயர் நிக்கல் சில்வர் என்று நான் சொன்னதும், ஒரு துண்டை எடுத்து அரத்தால் லேசாக இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "இதுல வெள்ளியே இல்லீங்கண்ணா." உண்மைதான், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, பெயரில் மட்டுமே வெள்ளி.

பற்றவைக்கத் தெரிந்துவிட்ட பெருமையில், சுவரோரம் மூன்றரை மீட்டர் நேராகப் போகும் பாதையில் ஒரு இணைப்பையும் விடாமல் எல்லாவற்றையும் பற்றவைத்தேன். சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். பிற்பகலில் கதவைத் திறந்தபோது அந்த நேர்பாதையின் நடுவில் ஒரு சாண் நீளம் பசையைப் பிய்த்துக்கொண்டு பாம்பு போல நெளிந்து கிடந்தது. சுவரில் மாட்டிய வெப்பமானி 42 டிகிரி காட்டியது. காரணம் எளிது: குளிர்ந்த விடியற்காலையில் இடைவெளியே இல்லாமல் பிணைத்த உலோகம், 18 டிகிரி ஏறியதும் மூன்றரை மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் நீட்சி போக வழியின்றி ஒரே இடத்தில் திரளும்போது கணக்கு வேறு. இரு முனையும் பிடிபட்ட 30 செ.மீ. துண்டில் அரை மில்லிமீட்டர் மிகுந்தாலே, அதன் நடுப்பகுதி ஏழு மில்லிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். நிஜ ரயில்வேயில் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்களை மிகக் குளிரிலும் இல்லாமல் மிக வெயிலிலும் இல்லாமல் இடைப்பட்ட வெப்பநிலையில் பிணைப்பதன் காரணத்தை அன்று என் சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன். வெட்டி எடுத்துவிட்டு, நேர்பாதையில் ஒவ்வொரு இணைப்பிலும் அஞ்சலட்டைக் கனத்துக்கு இடைவெளி விட்டு, பற்றவைக்காமல், ஒவ்வொரு துண்டுக்கும் கீழிருந்து தனித்தனியாக மின்கம்பி கொடுத்தேன். வளைவுகளில் மட்டும் பற்றவைப்பைத் தொடவில்லை. அங்கே பிரித்தால் இணைப்பு கோணலாகி வண்டி தடம்புரளும்.

மலைக்கு வருகிறேன். உடைத்த மலைக்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு டேனிஷ்பேட்டைப் பக்கம் மூன்று முறை போய் வந்தேன். பாதைக்குள் இறங்கவில்லை, சாலையில் நின்றே பார்த்தேன். எழுதிக்கொண்டவை சிறிய செய்திகள். மலை ஒரே சரிவாக இறங்குவதில்லை. கை விரல்களைப் போல முட்டுகள் நீள்கின்றன, இரண்டு விரல்களுக்கு நடுவே ஓடைக்கால் இறங்குகிறது. வெட்டிய இடத்தில் மண் மேலே சிவப்பாகவும், கீழே போகப் போக மஞ்சளித்த பழுப்பாகவும், அடியில் சாம்பல் நிறப் பாறையாகவும் இருக்கிறது. சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட் வகை. உடைத்த முகம் கருநீலச் சாம்பல், வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பு. அதனால் என் பாறைகளுக்கு இரண்டு நிறம் கொடுத்தேன்: பாதைக்காக வெட்டிய முகம் கருத்தும், மனிதன் தொடாத முகம் பழுப்பேறியும் இருக்கும். அந்த ஒரு வேறுபாடு போதும், மலை முதலில் இருந்தது, பிறகு யாரோ வந்து வெட்டினார்கள் என்று கண் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

ஆகவே இந்த முறை மலையை வளையத்தின் நடுவில் வைக்காமல், பின் சுவரிலிருந்து விரல்களாக நீட்டினேன். ஒவ்வொரு விரலின் நுனியையும் பாதை சுற்றிக்கொண்டு போகும். ஒரு விரலை மட்டும் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். உயரமான பகுதியை மேசையில் கட்டவே இல்லை. சுவரில் வெளிர் நீலத்தில் தீட்டிவிட்டேன். மழை பெய்து ஓய்ந்த மாலையில் சூரமங்கலத்திலிருந்து பார்த்தால் மலை அந்த நிறத்தில்தான் இருக்கும். குகை வைத்தால் வண்டி மறையும் இடத்தை எளிதில் ஒளிக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். குகையைப் பார்த்தவுடன் வருகிறவர்கள் எல்லோரும் "ஊட்டி ரயிலா?" என்று கேட்பார்கள் என்பதால் மறுத்துவிட்டேன். ஒரு சாலை மேம்பாலமும் நான்கு புளியமரங்களும் அந்த வேலையைச் செய்கின்றன.

மலையின் எலும்பு தெர்மகோல். தோல், என் தந்தையின் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தில் நனைத்துப் போர்த்தியது. சாந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும். இரண்டு சொட்டு வினிகர் சேர்த்தால் கொஞ்சம் பொறுக்கும், உப்பு விழுந்தால் அவசரப்படும். இவற்றை எங்கள் வீட்டில் நவராத்திரிக் கொலுவுக்குப் பார்க் கட்டிய காலத்திலேயே ஓரளவு பழகியிருந்தேன். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்வெளி போடுவதும் அங்கே கற்றதுதான். ஒரே ஒரு தவறு செய்தேன்: செலவைக் குறைக்க ஓரிடத்தில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். இரண்டே வாரத்தில் எலி ஒன்று மலையின் தென்முனையைத் தின்று உள்ளே குடியேறிவிட்டது. "ஏங்க, உங்க மலையில சிறுத்தை வந்திருக்குதாம்" என்று என் மனைவி கீழிருந்து குரல் கொடுத்தாள். மைதாப் பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை கலக்க வேண்டும் என்பது சுவரொட்டி ஒட்டும் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

மரங்கள் பொங்கலில் கிடைத்தன. காப்புக்கட்டுக்கு வாங்கிய பூளைப்பூ வாசற்படிக்கு மேல் காய்ந்து தொங்கியதைப் பார்த்தபோது, தண்டும் கிளையும் நுனிப்பூவுமாக அது 87இல் ஒரு பங்கு மரமாகவே தெரிந்தது. அடுத்த ஆண்டு கட்டுக்கட்டாக வாங்கிக் காயவைத்து, நீர்த்த ஃபெவிகாலில் முக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டு, பாதி உலர்ந்ததும் பச்சைத் தூளில் புரட்டினேன். உயரமான தண்டுகளைச் சில்வர் ஓக்காகவும், நுனிகளைக் கிள்ளி அடியில் காப்பிச் செடியாகவும் வைத்து ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றைச் செய்தேன். பிறகு அடிவாரத்தில் காப்பித் தோட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்கே உறைத்தது. பிடுங்கிவிட்டு முட்புதராக மாற்றினேன்.

ஜல்லி போடுவதைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியதே வீண். நம் பாதைகளில் போடும் ஜல்லி 65 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 20க்குக் கீழே பெரும்பாலும் இருக்காது. என் அளவில் அது முக்கால் மில்லிமீட்டரிலிருந்து கால் மில்லிமீட்டர் வரை. கல்லுடைக்கும் இடத்தில் ஒரு பை கிரஷர் தூள் வாங்கி, டீ வடிகட்டியில் ஒரு முறையும் காப்பிப்பொடி சலிக்கும் சல்லடையில் ஒரு முறையும் சலித்து, நடுவில் நின்றதை மட்டும் கழுவிக் காயவைத்தேன். அதன் மேல் காந்தத்தைக் காட்டாமல் விட்டிருந்தால் பெரிய இழப்பு நேர்ந்திருக்கும். பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் தூளின் மேல் ஓட்டியபோது, காகிதத்தின் அடியில் கருமணல் மீசை முளைத்தது போல ஒட்டிக்கொண்டு வந்தது. கஞ்சமலையில் காந்த இரும்புக்கல் இருக்கும் ஊர் இது. நம் மண்ணிலும் கல்லிலும் அந்தக் கறுப்புத் துகள் இருப்பதில் வியப்பில்லை. எஞ்சினின் அடியில் இருக்கும் மோட்டாருக்குள்ளும் காந்தம் உண்டு. இந்தத் துகள் ஒவ்வொன்றாக எழும்பி அதற்குள் போய்ச் சேர்ந்தால் எஞ்சின் அரைபட்டுச் சாகும். ஏழு முறை ஓட்டிய பிறகுதான் காகிதம் சுத்தமாக வந்தது.

சலித்த ஜல்லியைத் தண்டவாளத்தின் அடியில் உள்ள சிலீப்பர் கட்டைகளுக்கு நடுவே தூவி, வண்ணம் தீட்டும் தூரிகையால் தள்ளிச் சீராக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மாலை ஆகும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புநீர் ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரைப் புகைபோலத் தெளித்து நனைத்துவிட்டு, சமபங்கு தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலை மருந்துச் சொட்டியால் ஓரத்திலிருந்து விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசைச் சொட்டு முத்துப்போல உருண்டு, ஜல்லியைத் தன்மேல் சுருட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தை விட்டுப் போகும். சோப்பு இருந்தால் மணலில் மழை இறங்குவது போல ஓசையில்லாமல் உள்ளே போய்விடும். முதல் இரவு எல்லாம் பால் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். விடிந்து பார்த்தால் வெள்ளை மறைந்து, விரலால் தட்டினால் கல் தட்டும் ஓசை வரும். இந்த நான்கு ஆண்டில் எனக்கு மிகப் பிடித்த ஓசை அதுதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது, ரயில்பாதை பராமரிக்கும் குழுவுக்குத் தலைவராக, அதாவது கேங்மேட்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர், பேரனை அழைத்துக்கொண்டு பார்க்க வந்தார். பேரன் எஞ்சினைப் பார்த்தான். பெரியவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மலையின் விரல்களுக்கு நடுவே இருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மலை மேல பெய்யற தண்ணி எங்கீங்க தம்பி போகுது?"

நான் விழித்தேன்.

"இந்தப் பள்ளத்துல இறங்குற தண்ணி லைனுக்கு வந்து முட்டுதில்லீங்க, அப்புறம்? ஒரு கல்வர்ட் கூடக் காணோமே. ஐப்பசி மழை ஒண்ணு பெஞ்சா ஜல்லியெல்லாம் கழுவிட்டுப் போயிருமுங்க. ராத்திரி ஒரு மணிக்குச் சாக்குப்பையத் தலையில போட்டுக்கிட்டு நாங்கதான் நிக்கோணும்."

மூன்று ஓடைக்கால்களை நான் அவ்வளவு கவனமாகச் செதுக்கியிருந்தேன். மூன்றும் பாதையின் மண்கரையில் வந்து முட்டி நின்றன. மலை முதலில் வந்தது என்று நம்பவைக்கத் துணிந்தவன், மழை பெய்யாத மலையைச் செய்து வைத்திருந்தேன். வெட்டுப் பகுதியிலும் பாதைக்கு இருபுறமும் வாய்க்கால் இல்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நானே பார்த்துவிட்டேன்.

கல்லாக இறுகிய ஜல்லியை வெந்நீர் ஊற்றி இளக்கி, மூன்று இடத்திலும் தண்டவாளத்துக்கு அடியில் அறுத்து எடுக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் வழிதான் அவர் சொன்ன கல்வர்ட்; நிஜத்தில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள அந்தக் கண்வாய்க்கு என் அளவில் 17 மில்லிமீட்டர். சாந்தை வில்வளைவாக வார்த்து, ஊசியால் கல்வரிசை கீறி, அடியில் பாசிக்கறைக்குக் கறுப்பு நீர் பூசினேன். மேற்புறம் உருண்டைக் கற்கள், கீழ்ப்புறம் மழை அடித்து வந்த மணல் விசிறி. முடித்ததும் அந்தப் பெரியவரை மீண்டும் அழைத்தேன்.

அவர் மூன்று மதகுகளையும் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு, அழைக்காமலேயே, சுவரோரம் நேர்பாதை தொடங்கும் முனைக்குப் போய், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, கன்னம் கிட்டத்தட்டத் தண்டவாளத்தில் படும்படி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுமுனை வரை நோக்கினார். முப்பது ஆண்டுகள் தினமும் செய்திருப்பார் போலும், மூச்சுக்கூட அசையவில்லை. நிமிராமலேயே கையை நீட்டி, மூன்றரை மீட்டரில் சரியாக நடுவே, சித்திரையில் நெளிந்து நான் வெட்டிச் சரிசெய்து ஜல்லியால் மூடி யாரிடமும் சொல்லாத அந்த ஒரு சாணைச் சுட்டினார்.

"இங்க கொஞ்சம் உள்வாங்கியிருக்குதுங்க தம்பி."

வெந்நீர் வைக்கக் கீழே போனேன்.